ஆலங்கட்டி மழை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1986 ஏப்ரல் 14 அன்று வங்கதேசத்தின் கோபால்கஞ்ச் மாவட்டத்தில் பெய்த ஆலங்கட்டி மழை 92 உயிர்களைப் பறித்தது. அப்போது விழுந்த ஒரு கட்டியின் எடை 1.02 கிலோ. உலக வானிலை அமைப்பின் பதிவில் மிகக் கனமான ஆலங்கட்டி அதுதான். வெயில் கொளுத்தும் மாதத்தில் வானம் பனிக்கட்டியைக் கொட்டுவது ஏன்?

நம்பிக்கை: குளிர் மிகுந்தால்தான் ஆலங்கட்டி விழும்.

உண்மை: பெரும்பாலும் தரையில் வெப்பம் ஏறும்போதுதான் விழும். மார்ச் முதல் மே வரை வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று நிலத்துக்குள் புகுகிறது. அதற்கு மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. தரை சூடேற ஏற, கீழேயுள்ள ஈரக்காற்று பீறிட்டுக் கிளம்பி, 10 கிலோமீட்டருக்கும் மேல் உயரும் இடிமேகமாகிறது. வங்காளிகள் ‘கால்பைசாகி’ என்று அஞ்சும் புயல்மழை இதுதான். வெயில் 35 டிகிரியைத் தாண்டிய நாளிலும், அந்த மேகத்தின் மேற்பாதியில் உறைநிலைக்கும் கீழான குளிர் இருக்கும்.

நம்பிக்கை: மழைத்துளி விழும் வழியில் உறைந்து ஆலங்கட்டியாகிறது.

உண்மை: கட்டி மேகத்துக்குள்ளேயே வளர்கிறது. உறைநிலைக்குக் கீழும் உறையாதிருக்கும் நீர்த்துளிகள் சிறு பனிக்கருவில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. பெரிய கட்டியைக் குறுக்கே அறுத்தால், வெள்ளை வளையமும் தெளிந்த வளையமும் அடுக்கடுக்காகத் தெரியும். நீர் பட்டவுடன் உறைந்தால் காற்றுக்குமிழிகள் சிக்கி வெள்ளையாகிறது. மெல்ல உறைந்தால் தெளிவாகிறது. மேலெழும் காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் கட்டி விழுகிறது.

நம்பிக்கை: பீரங்கி வெடித்து ஆலங்கட்டியைத் தடுக்கலாம்.

உண்மை: ஒலியலையை மேகத்தை நோக்கி அனுப்பும் பீரங்கிகளைச் சில நாடுகளின் பழத்தோட்டங்களில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவை பயன் தருவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. மேகத்துக்குள்ளேயே முழங்கும் இடி அவற்றைவிடப் பலமடங்கு வலியது. அதுவே ஆலங்கட்டியைத் தடுப்பதில்லை. இமாசலப் பிரதேச ஆப்பிள் விவசாயிகள் மரங்களின்மேல் வலை கட்டுகிறார்கள். பலன் தருவது அதுதான்.

நம்பிக்கை: சேதம் பயிருக்குத்தான், மனிதருக்கு மரத்தடி போதும்.

உண்மை: 1888 ஏப்ரல் 30 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே 246 பேரைக் கொன்றது ஆலங்கட்டி மழைதான். 10 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கக்கூடும். மரத்தடியில் மின்னல் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

கோடையில் வானம் கறுத்து இடி கேட்டால், முதல் கட்டி விழும்வரை காத்திருக்காதீர்கள். வயலில் இருந்தாலும் வழியில் இருந்தாலும் உறுதியான கூரைக்குக் கீழே போய்விடுங்கள். ஜன்னலை விட்டு விலகியே நில்லுங்கள்.