பேட்ச் பைல்: வடிகட்டிப் பார்த்து அழியுங்கள்

ஆபீஸ் 2007 தொகுப்பு வந்தபோது வேர்ட் பைலின் துணைப் பெயர் டாக் என்பதிலிருந்து டாக்எக்ஸ் என மாறியது. உங்கள் பழைய பைல்களை எல்லாம் புதிய வகைக்கு மாற்றிவிட்டீர்கள். அதே போல்டரில் உள்ள பழையவற்றை இனி அழிக்கலாம் என எண்ணுகிறீர்கள் என வைத்துக் கொள்வோம். கமாண்ட் பிராம்ப்ட்டில்

டெல் *.டாக்

எனக் கொடுத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால், புதிய டாக்எக்ஸ் பைல்களும் சேர்ந்தே அழிந்துவிடலாம்! இந்தக் கட்டளையால் அழிக்கப்படும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்கும் செல்லாது.

(கட்டளைகளை இங்கு ஒலிப்பின்படி தந்துள்ளோம். ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடவும்.)

ஏன் இப்படி? டாஸ் காலத்தில் பைல் பெயருக்கு 8 எழுத்து, துணைப் பெயருக்கு 3 எழுத்து மட்டுமே. 1995ல் வந்த விண்டோஸ் 95 நீளமான பெயர்களை அனுமதித்தது. பழைய புரோகிராம்களுக்காக, ஒவ்வொரு நீளமான பெயருக்கும் ஒரு சுருக்கப் பெயரையும் உருவாக்கியது. இந்தப் பழக்கம் இன்றும் பல டிரைவ்களில் தொடர்கிறது. கடிதம்.டாக்எக்ஸ் என்ற பைலின் சுருக்கப் பெயரில் துணைப் பெயர் டாக் என்றே முடியும். நட்சத்திரக் குறி இரண்டு பெயர்களையும் தேடுவதால் புதிய பைலும் சிக்கிக் கொள்கிறது. டிர் /எக்ஸ் எனக் கொடுத்தால் சுருக்கப் பெயர்களைப் பார்க்கலாம்.

இதற்குத் தீர்வு, பட்டியலை இன்னொரு முறை வடிகட்டுவதுதான். நோட்பேடில் கீழ்க்காணும் வரிகளை டைப் செய்து, பேட் என்ற துணைப் பெயருடன் அதே போல்டரில் சேவ் செய்திடவும்.

@எக்கோ ஆஃப்
ஃபார் %%ஏ இன் (*.டாக்) டு இஃப் /ஐ "%%~எக்ஸ்ஏ"==".டாக்" எக்கோ "%%ஏ"
பாஸ்

ஃபார் ஒவ்வொரு பைலாக எடுத்துத் தருகிறது. ~எக்ஸ் என்பது முழுப் பெயரில் உள்ள உண்மையான துணைப் பெயரை மட்டும் பிரித்தெடுக்கிறது. இஃப் அதனை ஒப்பிடுகிறது. /ஐ இருப்பதால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படாது.

பைலில் டபுள் கிளிக் செய்தால் பட்டியல் மட்டுமே கிடைக்கும், எதுவும் அழியாது. அதில் டாக்எக்ஸ் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்த பின்னர், இரண்டாவது வரியில் உள்ள எக்கோ என்பதை டெல் என மாற்றி மீண்டும் இயக்கவும். எந்த பேட்ச் பைலாக இருந்தாலும் முதலில் பட்டியல், பிறகே அழித்தல் என்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.