உங்கள் கேம் லினக்ஸில் ஓடுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டிபிஎம் 2.0 கேட்கும். "பேசாமல் லினக்ஸுக்கு மாறிவிடு, இலவசம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். மாறலாம்தான். ஆனால் நீங்கள் விளையாடும் கேம் எது?

விண்டோஸ் கேம்கள் .இஎக்ஸ்இ பைல்களாக வருகின்றன. லினக்ஸ் அவற்றை நேரடியாக இயக்காது. இடையில் ஒரு துபாஷி வேண்டும். 1993-ல் தொடங்கப்பட்ட 'வைன்' என்ற புரோகிராம் இந்த வேலையைச் செய்கிறது. அதையே கேம்களுக்காக மேம்படுத்தி, வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்ற பெயரில் தன் ஸ்டீம் தொகுப்புடன் இணைத்தது. கேம் டைரக்ட்எக்ஸ் மொழியில் படம் வரையச் சொன்னால், புரோட்டான் அதை வல்கன் மொழிக்கு மாற்றி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும். விட்சர் 3 போன்ற பெரிய கேம்கள்கூட இப்படித்தான் ஓடுகின்றன. டோட்டா 2, கவுண்டர் ஸ்டிரைக் 2 ஆகியவற்றுக்குத் துபாஷியே வேண்டாம். லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு உண்டு.

சிக்கல் ஆன்லைன் கேம்களில்தான். மற்றவர்களுடன் போட்டியிடும் கேம்களில், ஏமாற்றுபவர்களைப் பிடிக்க 'ஆன்ட்டி சீட்' என்ற காவல்காரன் இருப்பான். சில காவல்காரர்கள் விண்டோஸின் கெர்னல் வரை இறங்கிச் சோதிப்பார்கள். லினக்ஸில் அந்தக் கெர்னலே இல்லை. எனவே உள்ளே விடமாட்டார்கள். வாலரண்ட், போர்ட்நைட் இரண்டும் இப்படித்தான். ஆன்ட்டி சீட் இருந்தாலே ஓடாது என்றும் நினைக்காதீர்கள். எல்டன் ரிங் கேமிலும் அது உண்டு, லினக்ஸில் ஓடுகிறது. அனுமதிப்பதும் மறுப்பதும் கேம் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. ஜிடிஏ ஆன்லைன் ஓடிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் புது ஆன்ட்டி சீட் சேர்த்ததும் நின்றுபோனது. அதே ஜிடிஏ 5-ஐத் தனியாக விளையாடினால் பிரச்சினை இல்லை!

எனவே முதல் வேலை, 'புரோட்டான்டிபி' தளத்திற்குச் சென்று உங்கள் கேமின் பெயரைத் தேடுவது. பிளாட்டினம், கோல்டு என்றிருந்தால் தைரியமாக இறங்கலாம். 'போர்க்டு' என்றிருந்தால் அந்த கேமுக்காக விண்டோஸை விட்டுவையுங்கள்.

அடுத்து லினக்ஸ் மின்ட் தொகுப்பை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே வைபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். திருப்தி என்றால் இன்ஸ்டால் செய்யுங்கள். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் இன்ஸ்டால் முடிந்ததும் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, பரிந்துரைக்கப்படும் டிரைவரைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டீமை நிறுவி, கேமை லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே புதிதாக டவுன்லோடு செய்யுங்கள். விண்டோஸ் டிரைவில் இருப்பதை அப்படியே ஓடவிட்டால் பாதியில் மக்கர் செய்யும்.

இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸுடன் சேர்த்து நிறுவவா, டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவவா என்று ஒரு திரை கேட்கும். கல்லூரி நாட்களில் நான் இரண்டாவதை கிளிக் செய்தேன். சி டிரைவ் மட்டும்தான் போகும் என்று நினைப்பு. டி டிரைவில் இருந்த அக்காவின் கல்யாணப் போட்டோக்களும் போயின. ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடியில் பாதிதான் கிடைத்தது. மீதிக்கு அக்கா இன்றும் என்னைத் திட்டுகிறாள். போட்டோக்களையும் கேம் சேவ் பைல்களையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து, திறந்தும் பார்த்த பிறகே அந்தத் திரைக்குப் போங்கள்.