எரிந்த அரங்கமும் எஞ்சிய சித்திரமும்

வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களையும் போர்களையும் படிக்கிறோம். ஒரு நகரத்து மக்கள் மாலைப்பொழுதில் எங்கே கூடினார்கள், எதைக் கண்டு களித்தார்கள் என்று அறிய வேண்டுமானால் பழைய அச்சுச் சித்திரங்களைத்தான் நாட வேண்டும்.

லண்டன் மாநகரில் ஸ்ட்ராண்ட் வீதியில் கடை வைத்திருந்தவர் ருடால்ப் ஆக்கர்மன். 1808 முதல் 1810 வரை இவர் ‘மைக்ரோகாசம் ஆப் லண்டன்’ என்னும் நூலை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டார். படங்கள் மொத்தம் 104. அவற்றில் கட்டடங்களை வரைந்தவர் அகஸ்டஸ் சார்லஸ் பியூஜின். மனிதர்களை வரைந்தவர் தாமஸ் ரோலண்ட்சன். முன்னவர் தூணையும் வளைவையும் அளவு பிசகாமல் நிறுத்துவார். பின்னவரோ கேலிச் சித்திரக்காரர்! (பியூஜினின் மகன்தான், பிற்காலத்தில் கத்தோலிக்கராகி, இங்கிலாந்தில் பல கத்தோலிக்க ஆலயங்களை வடிவமைத்த புகழ்பெற்ற சிற்பி.)

இத்தொகுதியில் 1808ஆம் ஆண்டுச் சித்திரம் ஒன்று டுரூரி லேன் நாடக அரங்கின் உட்புறத்தைக் காட்டுகிறது. அடுக்கடுக்காக மேலே எழும் மாடங்கள், கீழே நெருக்கியடித்து அமர்ந்த கூட்டம், அவ்வளவு பெரிய மண்டபத்தில் மிகச் சிறியவர்களாகத் தோன்றும் நடிகர்கள்! அரங்கின் குறையையும் சித்திரம் மறைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏறத்தாழ 3,600 பேர் அமரும் இடத்தில் கடைசி வரிசைக்காரர் நடிகரின் முகபாவத்தை எங்ஙனம் காண்பார்?

இச்சித்திரம் ‘அக்வாடின்ட்’ முறையில் ஆனது. செப்புத் தகட்டின் மேல் மரப்பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இட்டால் துகள்களின் இடைவெளியில் மட்டும் செம்பு அரிக்கப்படும். அதிக நேரம் அரித்த பகுதி அதிக மையைப் பிடித்துக் கருமையாகப் பதியும். வெளுப்பாக வேண்டிய பகுதிக்கு முன்னதாகவே வார்னிஷ் பூசிவிடுவார்கள். அச்சான தாள்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள்.

அந்த அரங்கை ஹென்றி ஹாலண்ட் கட்டினார். 1794 மார்ச் 12 அன்று, தவக்காலமாதலால், நாடகமின்றிப் பக்தி இசையோடு அது திறக்கப்பட்டது. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த காலம். தீயைப் பற்றிய அச்சம் யாவருக்கும் இருந்தது. எனவே மேடைக்கு இரும்புத் திரையும் கூரையின்மேல் தண்ணீர்த் தொட்டியும் அமைத்தனர். முதல் நாடக இரவில் திரையைச் சுத்தியலால் தட்டி ஒலி எழுப்பி, மேடையில் தண்ணீரைப் பாய்ச்சிக் காட்டினார்களாம்!

பதினைந்து ஆண்டுகள் நிறையவில்லை. 1809 பிப்ரவரி 24, தவக்கால வெள்ளிக்கிழமை. அன்று நாடகம் இல்லை, அதுவே பேருதவியாயிற்று. இரவில் தீப்பற்றியது. திரையும் காக்கவில்லை, தொட்டியும் காக்கவில்லை. உரிமையாளரான நாடகாசிரியர் ஷெரிடன் அப்போது பாராளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். சன்னல்களில் தீயின் வெளிச்சம் தெரிந்தது. அவருக்காக அவையை ஒத்திவைக்கலாம் என்றனர். தம் சொந்த நட்டத்துக்காக நாட்டின் அலுவல் நிற்கலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். அந்த நட்டத்திலிருந்து அவர் மீளவேயில்லை. 1816இல் கடனாளியாகவே இறந்தார்.

இதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 1808 செப்டம்பர் 20 அன்று, கோவென்ட் கார்டன் அரங்கும் எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அதன் படமும் ஆக்கர்மனின் தொகுதியில் உண்டு. ஆக, நூல் முற்றுப்பெறுமுன்பே, அதில் இருந்த இரண்டு பெரிய அரங்கங்களும் சாம்பலாகிவிட்டன. டுரூரி லேனில் இன்று நாம் காண்பது 1812இல் திறக்கப்பட்ட கட்டடம். ஹாலண்டின் மாடங்களில் மக்கள் எப்படி அமர்ந்திருந்தார்கள் என்பதை ரோலண்ட்சன்தான் காட்ட வேண்டும்.