வாயும் வயிறுமாய் வாசலில் நிற்கும் பெண்ணை எங்கே அனுப்புவது?



இந்த மாதப் பாடத்தை எங்கள் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், கூட்டம் முடிந்து சந்தா எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. "அக்கா, இன்னைக்கு ராத்திரி மட்டும் எங்கயாவது படுத்துக்கிறேன்" என்றாள். நாங்கள் சோறு போட்டோம், கூடச் சேர்ந்து அழுதோம். பிறகு மூன்று பேராகப் போய், "மாசமா இருக்கிற புள்ளப்பா, பாத்துக்கோ" என்று அவள் புருஷனிடமே விட்டுவிட்டு வந்தோம். பத்தாம் நாள் குறைப்பிரசவம். குழந்தை தங்கவில்லை. அவள் இன்றும் எங்களோடு நன்றாகத்தான் பேசுகிறாள். எங்களுக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேறு எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நாங்கள் செய்திருக்க வேண்டியது ஒரு போன். 181 என்பது பெண்களுக்கான உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. இரத்தப்போக்கு, வலி, மயக்கம் இருந்தால் முதலில் 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

மாவட்டத்தில் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு கொண்டு வந்த திட்டம் இது. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, இலவச வக்கீல், ஆறுதலாகப் பேசி வழிகாட்டும் ஆலோசகர் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அங்கே பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். ஐந்து நாள் பிள்ளை பெறுகிறவளுக்குப் போதுமா? போதாது. அதற்கு மேல் தங்குவதற்குத்தான் 'சக்தி சதன்' இல்லங்கள். முன்பு 'ஸ்வாதார் கிரே' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-ல் அதையும் வேறொரு திட்டத்தையும் சேர்த்து இந்தப் பெயர் வைத்தார்கள். சாப்பாடு, துணிமணி, வைத்தியம், சட்ட உதவி, கைத்தொழில் பயிற்சி உண்டு. இங்கே மாதக்கணக்கில் தங்கலாம். பெற்ற பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு, போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சேர வழி சொல்வது மாவட்ட சமூக நல அலுவலகம். பாதுகாப்பு அலுவலரையும் அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

"ஹோமுக்குப் போனா அப்புறம் புருஷன் வீட்டுல காலெடுத்து வைக்க முடியாது" என்று நம்மில் பலரும் சொல்கிறோம். இது சுத்தத் தப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அதில் குடியிருக்க உரிமை உண்டு. உயிருக்குப் பயந்து இல்லத்தில் தங்கினால் அந்த உரிமை போய்விடாது. அடைக்கலம் கேட்கும் பெண்ணுக்கு இல்லப் பொறுப்பாளர் இடம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வைத்தியச் செலவையும் பராமரிப்பையும் புருஷனிடம் கேட்டு மனு போடலாம்.

கல்யாணம் ஆகாமல் மாசமான பெண்ணைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்து அவளை எங்கோ ஒளித்து வைப்பதும், நாட்டு மருந்து கொடுப்பதும் உயிருக்கே ஆபத்து. அவளுக்குக் கர்ப்பம் வேண்டாம் என்றால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சட்டப்படி 20 வாரம் வரைக்கும், பலாத்காரத்துக்கு ஆளானவர், 18 வயது ஆகாதவர் போன்ற சிலருக்கு 24 வாரம் வரைக்கும் டாக்டர்கள் பார்த்துச் செய்யலாம். பெற்றுக்கொள்ள நினைத்தால், மேலே சொன்ன உதவிகளை அவளும் கேட்கலாம். பிறப்புச் சான்றிதழுக்கு அப்பா பேரைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. 2015-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் வழி வேறு. அது போக்சோ சட்டத்தில் வரும். நமக்குள் பேசி முடிக்கவே கூடாது, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098-க்குச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழு அவளைப் பாதுகாப்பான இல்லத்தில் சேர்க்கும்.

இன்னொன்று. "பிரசவச் செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், புள்ளைய மட்டும் குடுத்துடு" என்று வருகிறவர்களை, இல்லம் என்ற பேரில் வந்தாலும், நம்பாதீர்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினால் 181-க்குச் சொல்லுங்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் குற்றம். சட்ட முறையில்லாமல் தத்துக் கொடுப்பதும் குற்றம். வளர்க்க முடியாத தாய் குழந்தைகள் நலக் குழு முன்னால் முறைப்படி ஒப்படைக்கலாம். அவளுக்கு அங்கே ஆலோசனை சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் திரும்பக் கேட்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு. பெற்ற வயிறு அல்லவா, அந்த அவகாசம் இருப்பதை அவளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

இல்லத்துக்குப் போகும்போது தாய் சேய் அட்டை, பிக்மி எண், ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், மாற்றுத் துணி இருந்தால் நல்லது. வீட்டிலிருந்து எடுக்க முடியாமல் ஓடி வந்திருந்தால் அதற்காகத் திரும்பப் போக வேண்டாம். பிக்மி எண்ணை நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கலாம். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று ஊரில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொந்த அண்ணன் வந்து கேட்டாலும்கூட. நம் வாய் கொஞ்சம் நீளம் என்பது நமக்கே தெரியும்.

மலை ஊர்ச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அடி உதை எதுவும் இல்லை, ஆனால் ரோடும் வண்டியும் இல்லை என்கிற ஊர்களுக்காக, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். தேதி நெருங்கும்போதே போய்த் தங்கிக்கொள்ளலாம். உங்கள் நிலையத்தில் உண்டா என்று நர்ஸம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் 181, 108, 1098 மூன்றையும், சகி மையத்தின் முகவரியையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எண்களை வாய்ப்பாடமாகச் சொல்லிப் பழகட்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு அப்படி ஒரு பெண் வந்து நின்றால், யார் வீட்டு வண்டி வரும்? அவளோடு கூடப் போகிற இரண்டு பேர் யார்? அவசரத்துக்குக் குழுப் பணத்தில் எவ்வளவு எடுக்கலாம்? புருஷன் வந்து கதவைத் தட்டினால் யார் பேசுவது?