முதுமைத் தளர்ச்சி: அறிதலும் காத்தலும்

தெமியாங்கிலும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வியாபாரம் செய்யும் நம்மவர் பலர், வயோதிகப் பெற்றோரை உடன் வைத்துப் பேணுகின்றனர். அரிசி மூட்டையைத் தாமே நகர்த்திய வாப்பா, இன்று படியேறக் கைப்பிடியைத் தேடினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். வயது மட்டுமே இதற்குக் காரணமன்று. மருத்துவர்கள் இதனை முதுமைத் தளர்ச்சி என்னும் தனி நிலையாகக் கருதுகின்றனர். இந்நிலையில் ஒரு காய்ச்சலோ வழுக்கலோ நெடுநாள் படுக்கையாக முடியக்கூடும்.

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீடும் குழுவினரும் 2001-ல் ஐந்து அடையாளங்களை வகுத்தனர். அவையாவன:

1. முயலாமலே ஓராண்டில் நாலரைக் கிலோவோ அதற்கு மேலோ எடை குறைதல்.
2. எதைச் செய்யவும் களைப்பு.
3. கைப்பிடி வலுக் குறைதல்.
4. நடை மெதுவாதல்.
5. நடமாட்டம் சுருங்குதல்.

மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதன் முன்நிலை. முன்நிலையில் மீட்பது எளிது.

வீட்டுச் சோதனை ஒன்றுண்டு. கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். ஒருவர் அருகில் நிற்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரைக் காணுங்கள் என்பது 2019-ல் ஆசிய நிபுணர் குழு தந்த அளவு.

இனி, காக்கும் வழி. மரியாதை என்றெண்ணி வாப்பாவைக் கல்லாவிலேயே நாள் முழுதும் அமர்த்திவிடுகிறோம். உழைக்காத தசை, புரளாத முதலைப் போல் கரைந்துபோகும். பாஸ்டன் நகரில், சராசரி வயது 87 ஆன நலிந்த முதியோர் பத்து வாரம் வலுப் பயிற்சி செய்ய, தசை வலு இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததென 1994-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே, மருத்துவரைக் கேட்டு, எழுந்தமரும் பயிற்சியும் நடையும் தினமும் தொடரட்டும். இயன்ற சிறு வேலைகளை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

தேநீரும் ரொட்டியும் மட்டும் உணவாகா. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் தேவை. முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றைப் பகிர்ந்து கொடுக்கலாம். சிறுநீரக நோயுள்ளவர் மருத்துவர் சொல்லும் அளவையே கொள்க.

காரணமின்றி எடை குறைந்தால், நீரிழிவு முதலிய நோய் மறைந்திருக்கலாம், தாமதம் கூடாது. உண்ணும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்கிற்கோ, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். சில மருந்துகளே தலைசுற்றலுக்கும் களைப்புக்கும் காரணமாவதுண்டு.

கடையில் சரக்கு குறைவதை அன்றே அறியும் நாம், வீட்டுப் பெரியவரின் எடையை மாதம் ஒருமுறையாவது பார்த்துக் குறித்து வைப்போமாக.