மட்டாஞ்சேரியிலிருந்து எந்தப் பட்டறைக்கு?

கொச்சியின் மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு தொழிற்கல்வி ஆசிரியர் வேலை தேடுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு: களமச்சேரி அரசு ஐடிஐ போன்ற இடத்தில் பயிற்றுநர், விஎச்எஸ்இ எனப்படும் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர், தனியார் ஐடிஐ. எல்லாரும் முதலில் விசாரிப்பது சம்பளத்தை. விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் நாலு வருஷம் கழித்தும் வேலை பிடித்திருக்குமா என்பதைப் பட்டறைதான் முடிவு செய்கிறது. சம்பளம் குறைந்தால் வெறுப்பு வரும், கூடினால் மட்டும் நிறைவு வந்துவிடாது. ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற உணர்வே நிறைவைத் தருகிறது என்று உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் எழுதினார். அவர் பேசியது பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும். வாத்தியார்களுக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். வெல்டிங் பயிற்றுநருக்கு நன்றாகவே பொருந்தும். மாணவன் போட்ட பற்றவைப்பைச் சுத்தியலால் தட்டிக் கசடு உதிர்ந்ததும், அடியில் வரி சீராக ஓடியிருந்தால் அன்றைய பாடம் கண்முன்னே கிடக்கிறது. வெல்டிங் ராடு தீர்ந்துபோய், கரும்பலகையில் படம் போட்டே ஒப்பேற்றும் இடத்தில் அது கிடைக்காது.

இந்தக் கணக்கில் அரசு ஐடிஐ முந்துகிறது. பிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளில் ஒரு தொகுதிக்கு 20 பேர். நேரத்தில் பெரும்பகுதி செய்முறைக்கே. சிரமம் பயணத்தில்: கேரள ஐடிஐகளில் முதல் ஷிப்ட் காலை 7.30-க்கு. காயலைத் தாண்டி, நகரத்தின் மறுகோடிக்கு அந்நேரத்தில் போய்ச் சேர்வது லேசான காரியமில்லை. 2024 கடைசியில் அறிவித்த சனிக்கிழமை விடுமுறை மாணவர்களுக்கானது; பயிற்றுநருக்கும் அந்த நாள் மிச்சமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். விஎச்எஸ்இ-யில் பள்ளி நேரம், பள்ளி விடுமுறை; குடும்பஸ்தருக்குத் தோதானது. அங்கே ஒவ்வொரு படிப்பும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு குறிப்பிட்ட வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. மாணவர்களில் பலருக்கு அது பிளஸ் டூ சான்றிதழுக்கான வழி மட்டுமே. தொழிலில் ஊறியவருக்கு இது உறுத்தும்; கற்பித்தலே பிடித்தவருக்கு உறுத்தாது. தனியார் ஐடிஐ-யைப் பொதுவாக எடைபோட முடியாது. நிர்வாகி தொழில் தெரிந்தவராக இருந்தால் அரசு நிறுவனத்தைவிட வேகமாகப் பொருள் வந்து இறங்கும். அட்மிஷன் எண்ணிக்கையையே பார்ப்பவரானால் ஆள் பிடிப்பதும் ஆசிரியர் தலையில் விழும்.

நிரந்தர வேலையை விட்டுவிட்டுப் பட்டறையைப் பார் என்பது வயிறு நிறைந்தவர் பேச்சு என்பார்கள். நியாயம்தான். பிஎஸ்சி எனப்படும் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் மூலம் நிரந்தர நியமனம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அரசு ஐடிஐ என்ற பெயருக்காக மட்டும் தற்காலிக கெஸ்ட் பயிற்றுநராகப் போவது வேறு விஷயம். அங்கே பாதுகாப்பும் இல்லை, பட்டறையில் உங்கள் பேச்சும் எடுபடாமல் போகலாம். அப்படி ஓர் இடத்தையும் ஒரு தனியார் ஐடிஐ-யையும் வைத்துத் தயங்குகிறவர், நேர்காணலுக்குப் போகும்போது ஸ்டோர் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லட்டும். கடைசியாக ராடு வாங்கிய தேதி அதில் இருக்கும்.