நியூயார்க் மேடை சிற்றூர்த் திரைக்கு வருவது எப்படி?

இன்டர்நெட்டில் ஒரு வீடியோ பார்த்துக் கொண்டிருக்கிறீர்கள். படம் திடீரென நின்று, நடுவில் வட்டம் சுற்றத் தொடங்குகிறது. என்ன செய்வீர்கள்? சற்றுப் பொறுத்துப் பார்ப்பீர்கள். சரியாகவில்லை என்றால் எப்5 கீயை அழுத்தி மீண்டும் தொடங்குவீர்கள். டிக்கெட் வாங்கிய 600 பேர் அமர்ந்திருக்கும் தியேட்டரில் இப்படிச் செய்ய முடியுமா? அங்கே ஓடுவது நேரடி ஒளிபரப்பு. நியூயார்க் மேடையில் பாடுபவர் நமக்காகப் பாட்டை நிறுத்தி வைக்க மாட்டார்.

ஆப்பெரா, நாடகம், பாலே நடனம் ஆகியவற்றைப் பெருநகர மேடைகளிலிருந்து சிற்றூர்த் திரையரங்குகளுக்கு அனுப்பும் வழக்கம் 2006க்குப் பின் வேகமாகப் பரவியது. அதன் பின்னால் உள்ள தொழில்நுட்பத்தை இங்கு பார்ப்போம். இதில் தெரிந்து கொள்ளும் விஷயங்கள் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்கும்போதும் பயன்படும்.

ஓர் ஊர், ஓர் அரங்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பேரிங்டன் என்று ஒரு சிற்றூர் உள்ளது. மக்கள்தொகை சுமார் 7,000. 1886 மார்ச்சில் வில்லியம் ஸ்டான்லி என்பவர் மாறுதிசை மின்சாரத்தை ட்ரான்ஸ்ஃபார்மர் வழியே அனுப்பி, கடைத்தெருவில் விளக்கேற்றிக் காட்டியது இந்த ஊரில்தான். இங்குள்ள மஹேவி அரங்கு 1905ல் திறக்கப்பட்டது. மேடை நிகழ்ச்சிகளும் சினிமாவும் கண்ட இந்த அரங்கு, நூறு வயதான 2005ஐ ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டது. இருக்கைகள் சுமார் 700.

அடுத்த ஆண்டே, 2006 டிசம்பர் 30 அன்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா மொஸார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’ நிகழ்ச்சியைத் திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பித் தன் தொடரைத் தொடங்கியது. லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 ஜூன் மாதம் ஹெலன் மிர்ரன் நடித்த ‘ஃபெட்ர்’ நாடகத்துடன் இதில் இறங்கியது. இந்த இரு நிறுவனங்களின் ஒளிபரப்புகளும் மஹேவி அரங்கின் திரைக்கு வந்து சேர்ந்தன.

பழைய அரங்குகளுக்கு அது சோதனையான காலம். 35 மி.மீ. பிலிம் மறைந்து கொண்டிருந்தது. 2013 இறுதியில் வெளியான ‘த வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ படத்தைப் பாராமவுண்ட் நிறுவனம் அமெரிக்காவில் டிஜிட்டலாக மட்டுமே அனுப்பியது. டிஜிட்டல் புரொஜெக்டருக்கு ஒரு திரைக்குப் பல பத்தாயிரம் டாலர் வேண்டும். அதை வாங்க முடியாத சிறு தியேட்டர்கள் கதவை மூடின. வாங்கியவர்களுக்கோ அதே கருவி, கூட்டம் வராத சனிக்கிழமை மதியத்தில் ஓர் ஆப்பெராவையும் காட்ட உதவியது.

ஏன் சாட்டலைட்?

நியூயார்க்கிலிருந்து கிரேட் பேரிங்டன் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் சிக்னல் பூமியிலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள சாட்டலைட்டுக்குப் போய்த் திரும்புகிறது. மொத்தம் 72,000 கி.மீ. பயணம்! ஒளியின் வேகத்தில் செல்வதால் இதற்குக் கால் விநாடிதான் ஆகும். வீடியோவைச் சுருக்கி, மீண்டும் விரிக்கும் வேலைக்கே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இவ்வளவு சுற்றி வருவதில் என்ன லாபம்? இன்டர்நெட்டில் ஆயிரம் பேர் ஒரு வீடியோவைப் பார்த்தால், சர்வர்கள் ஆயிரம் முறை அதை அனுப்ப வேண்டும். சாட்டலைட் ஒரு முறை அனுப்பினால் போதும். கீழே டிஷ் ஆன்டெனாவும், ரிசீவரும், அனுமதி பெற்ற கார்டும் வைத்திருக்கும் எல்லாத் தியேட்டர்களும் அதையே பெற்றுக் கொள்ளும். பெருநகர மல்ட்டிபிளெக்ஸுக்குக் கிடைக்கும் அதே பிட்கள்தான் சிற்றூர் அரங்குக்கும் கிடைக்கின்றன. சிற்றூர் என்பதால் படத்தின் தரம் குறைவதில்லை.

திரும்பக் கேட்க முடியாத டேட்டா

நீங்கள் ஒரு பைலை டவுன்லோட் செய்யும்போது வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், உங்கள் கம்ப்யூட்டர் “அதை மீண்டும் அனுப்பு” என்று கேட்கும். சாட்டலைட் ஒளிபரப்பில் இந்த வசதி கிடையாது. பாதை ஒரு வழிதான். தியேட்டரிலிருந்து மேலே எதுவும் போவதில்லை.

எனவே தொலைந்ததைக் கேட்டு வாங்காமல், இங்கேயே கண்டுபிடிக்க வழி செய்கிறார்கள். மளிகைச் சிட்டை ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். 70, 50, 90 என்று மூன்று தொகைகள். கீழே மொத்தம் 210. ஈரம் பட்டு நடுவில் உள்ள எண் அழிந்துவிட்டது. கடைக்காரரிடம் போக வேண்டியதில்லை. 210லிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 50 கிடைத்துவிடும். ஒளிபரப்பிலும் இப்படிச் சில கூடுதல் பிட்களைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். கணக்கு இன்னும் சிக்கலானது என்றாலும் அடிப்படை இதுதான். இதனை முன்கூட்டிய பிழை திருத்தம் என்பார்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சிட்டையில் இரண்டு எண்கள் அழிந்தால் மொத்தத்தை வைத்து என்ன செய்ய முடியும்? அதுபோலக் கடும் மழையில் சிக்னல் மிகவும் பலவீனமானால் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். மார்ச், அக்டோபர் மாதங்களில் சில நாட்கள் சூரியன் சாட்டலைட்டுக்கு நேர் பின்னால் வரும்போதும் சில நிமிடங்கள் சிக்னல் கெடும். ஆகையால் ஆபரேட்டர் முன்னதாகவே டெஸ்ட் சிக்னலைப் பிடித்துப் பார்த்து, அதன் வலிமை போதுமா என்று உறுதி செய்து கொள்வது அவசியம்.

பாலே ஏன் கடினம்?

இப்போது சிறிய கணக்கு ஒன்று. 1920 x 1080 பிக்ஸெல் கொண்ட ஒரு ஃபிரேமில் சுமார் 20 லட்சம் பிக்ஸெல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 24 பிட், விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் விநாடிக்கு சுமார் 124 கோடி பிட்கள் வரும். இதை 20 மெகாபிட் பாதையில் அனுப்ப வேண்டுமானால் 62ல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும்.

என்கோடர் இதனை எப்படிச் செய்கிறது? முந்தைய ஃபிரேமுக்கும் இப்போதைய ஃபிரேமுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புகிறது. நாடகத்தில் இருவர் மேசை முன் அமர்ந்து பேசும் காட்சியில் உதடும் கையும்தான் அசையும். சுவர், நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கும். வேலை சுலபம்.

‘ஸ்வான் லேக்’ பாலேயில் மங்கிய நீல ஒளியில் வெள்ளை உடைப் பெண்கள் வரிசை வரிசையாக ஒரே நேரத்தில் அசைகிறார்கள். மெல்லிய வலைத்துணி ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வடிவம் எடுக்கிறது. மூன்றாம் அங்கத்தில் ஒடீல் வேடமிடும் நடனக் கலைஞர் ஒற்றைக் காலில் 32 முறை சுழல்வது வழக்கம். அந்நேரத்தில் பிட்கள் போதாவிட்டால் காலும் பாவாடையும் கலங்கித் தெரியும். ரசிகர் காசு கொடுத்துப் பார்க்க வந்ததே அந்தக் காலைத்தான்!

ஒலியும் முக்கியம். புரொஜெக்டர் படத்தைத் திரையில் காட்டச் சற்றுத் தாமதித்தால், பாதம் தரையைத் தொடும் முன்பே தாளம் விழுந்துவிடும். ஆகவே ஒலியையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்தி அனுப்புகிறார்கள். இந்த அளவு மில்லி செகண்டில் அமைக்கப்படுகிறது.

பைலாக வந்தால்?

மறு காட்சிகளைத் தியேட்டர்கள் ஹார்ட் டிஸ்க்கில் பைலாகவும் பெறுகின்றன. சினிமாப் படங்களுக்கான டிசிபி முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாகச் சுருக்கப்படுவதால் பாலேக்கு ஏற்றது. வேகம் விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். உச்ச வேகத்தில் 3 மணி நேர நிகழ்ச்சிக்குச் சுமார் 337 ஜிபி இடம் வேண்டும். பைல் பூட்டப்பட்டிருக்கும். அதற்கான டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறக்கும்.

இதிலும் ஒரு சிக்கல். லண்டன் நிகழ்ச்சி 25 ஃபிரேமில் பதிவானது. சினிமாவின் வழக்கமான வேகம் 24. அப்படியே மெதுவாக ஓட்டினால் 150 நிமிட நிகழ்ச்சி 156 நிமிடமாகும். சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். இசை தெரிந்தவர் காதுக்கு இது உடனே தெரியும். எனவே சுருதியைத் தனியே சரி செய்ய வேண்டும், அல்லது பைலையே 25 ஃபிரேமில் தயாரிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில்

லேப்டாப்பை டிவியுடன் இணைத்து நடனமோ நாடகமோ பார்ப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

1. நேரடி நிகழ்ச்சிக்கு வை-பையை விட லேன் கேபிள் நல்லது.

2. வீடியோ 25 அல்லது 50 ஃபிரேம் எனில், விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே எனச் சென்று ரெஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸாக மாற்றுங்கள். உங்கள் டிவி அதை ஏற்றால்தான் இது பட்டியலில் தெரியும்.

3. டிவியில் உள்ள மோஷன் ஸ்மூத்திங் வசதியை நிறுத்திவிடுங்கள். அது இல்லாத ஃபிரேம்களைத் தானே உருவாக்குவதால், வேகமாகச் சுழலும் கைகால்களைச் சுற்றி நிழல் படியும்.

4. விஎல்சி பிளேயரில் ஒலி முந்தினால் கே கீயையும், பிந்தினால் ஜே கீயையும் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் 50 மில்லி செகண்ட் நகரும்.

கருவி இருந்தால் போதுமா?

மாஸ்கோவின் பொல்ஷாய் பாலேயும் பல ஆண்டுகள் உலகத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பாகி வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பின் வெளிநாட்டுத் திரையரங்குகளில் அது நின்று போனது. டிஷ், ரிசீவர், புரொஜெக்டர் எல்லாம் அப்படியே இருந்தன. வர வேண்டிய நடனம் மட்டும் வரவில்லை. அதற்குப் பிழை திருத்தம் செய்யும் பிட் எதுவும் கிடையாது.

ஆகவே சிற்றூர் அரங்கு ஒளிபரப்பை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. மஹேவி அரங்கில் திரையோடு மேடையும் பயன்பாட்டில் உள்ளது. நேரில் வரும் கலைஞர்களின் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. ஒளிபரப்பின்போது ரசிகர்கள் எவ்வளவு கை தட்டினாலும் நியூயார்க்கில் இருப்பவருக்குக் கேட்காது. சொந்த மேடையில் ஆடுபவருக்குக் கேட்கும்.